கல்லீரலில் இருந்த புற்று அப்பாவின் தாடைக்கு எப்படி வந்தது?

கேள்வி: என் அப்பாவுக்கு 61 வயது. சென்ற வருடம் கல்லீரலில் கட்டி என்று கண்டுபிடித்தார்கள். ஹெபடைட்டிஸ் பி கிருமி உடம்பில் பல வருடமாக இருந்திருக்கிறது. எங்களுக்கு அப்போதுதான் தெரியும். தொடையில் குழாய் விட்டு, கட்டிக்குப் போகும் ரத்தக் குழாயை மருந்தோடு சேர்த்து அடைத்தார்கள். ஸ்கேனில் கட்டி சுருங்கியிருந்தது. நாலு மாதத்துக்கு முன் இடது பக்கக் கீழுதடும் முகவாயும் மரத்துப்போச்சு என்றார். ஷேவ் செய்யும்போது வெட்டிக்கொண்டதே தெரியவில்லை. அப்புறம் கடைவாய்ப் பல் ஆடியது. பல் டாக்டர் பிடுங்கினார். மூன்று வாரத்தில் அந்தக் குழியிலிருந்து சிவப்பாகச் சதை வளர்ந்து, தொட்டாலே ரத்தம் வருகிறது. பயாப்சியில் 'கல்லீரல் புற்று பரவியது' என்று வந்திருக்கிறது. பல்லைப் பிடுங்கியதால்தான் பரவியது, பயாப்சி எடுத்ததால் இன்னும் வேகமாகும் என்று சொந்தக்காரர்கள் சொல்கிறார்கள். பல் டாக்டரிடம் கூட்டிப்போனது நான்தான். அப்பா 20 வருடம் புகையிலை போட்டவர். இது வாய்ப்புற்றாக இருக்காதா? வெட்டி எடுக்க முடியாதா? சிலர் கீழாநெல்லி கொடுக்கச் சொல்கிறார்கள். அம்மா பயத்தில் அவருக்குத் தனித் தட்டு வைத்துவிட்டார். அப்பாவிடம் என்ன சொல்வது?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்களைத் தூங்கவிடாத கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். பல்லைப் பிடுங்கியதால் இது வரவில்லை. நீங்கள் கூட்டிப்போனதாலும் வரவில்லை. உங்கள் கடிதத்திலேயே அதற்குச் சான்று இருக்கிறது: பல் ஆடுவதற்கு முன்பே உதடு மரத்துவிட்டது.

கீழ்த்தாடை எலும்புக்குள் ஒரு கால்வாய் ஓடுகிறது. கீழ்ப் பற்களுக்கு உணர்ச்சி தரும் நரம்பு அதற்குள் போய், முகவாய்க்குப் பக்கத்தில் ஒரு சின்னத் துளை வழியாக வெளியே வந்து, உதட்டுக்கும் முகவாய்த் தோலுக்கும் பிரிகிறது. எலும்புக்குள் ஏதோ ஒன்று வளர்ந்து அந்த நரம்பை நெருக்கினால், வெளியே வீக்கம் தெரிவதற்கு முன்பே உதடு மரத்துப்போகும். சார்லஸ் பெல் என்ற மருத்துவர், மார்பகப் புற்று இருந்த ஒரு பெண்ணிடம் 1830 இலேயே இதைக் கவனித்து எழுதியிருக்கிறார். அடிபடாமல், பல் சிகிச்சை எதுவும் செய்யாமல் முகவாயில் ஒரு பக்கம் மட்டும் மரத்துப்போனால், அதுவும் ஏற்கெனவே புற்றுநோய் இருந்தவருக்கு, நாங்கள் முதலில் தேடுவது தாடைக்குள் பரவல் இருக்கிறதா என்பதைத்தான். அப்பாவுக்கு நடந்த வரிசை இதுதான்: கட்டி முதலில் எலும்புக்குள் வந்தது, நரம்பை அழுத்தியது, பல்லைப் பிடித்திருந்த எலும்பை அரித்தது, பல் ஆடியது. பல்லை எடுத்ததும் உள்ளே இருந்த கட்டிக்கு வெளியே வர ஒரு வழி கிடைத்தது. அதனால்தான் மூன்று வாரத்தில் குழியிலிருந்து சதை தள்ளியது. பிடுங்காமல் விட்டிருந்தாலும் அது வேறு பக்கமாக வெளியே வந்திருக்கும்.

பல் டாக்டர் மேல் கோபம் இருந்தால் அதையும் கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்கள். ஆடுகிற பல்லோடு வருகிற நூற்றுக்கணக்கானவர்களில் ஒருவருக்குக்கூட இது இருக்காது. வாயில் பார்க்கும் புற்றுகளில் நூற்றில் ஒன்றுதான் உடம்பின் வேறு இடத்திலிருந்து வந்ததாக இருக்கும். தாடை அறுவையையே தொழிலாகக் கொண்ட நானே, கல்லீரலிலிருந்து தாடைக்கு வந்ததை விரல்விட்டு எண்ணும் அளவுக்குத்தான் பார்த்திருக்கிறேன். ஆனால் ஒரு விஷயம் எனக்கு உண்மையாகவே வருத்தம் தருகிறது. 'இவருக்குக் கல்லீரல் கட்டி இருக்கிறது' என்று அங்கே யாராவது சொன்னார்களா, அல்லது யாராவது கேட்டார்களா? பல்லுக்கும் கல்லீரலுக்கும் என்ன சம்பந்தம் என்று இரண்டு பக்கமும் விட்டுவிடுகிறோம். ரத்தம் உறைவதற்கு வேண்டிய பொருட்களில் பெரும்பாலானவற்றைச் செய்வதே கல்லீரல்தான். கல்லீரல் தழும்பேறிச் சுருங்கியவர்களுக்கு (சிரோசிஸ்) மண்ணீரல் வீங்கி, பிளேட்லெட் அணுக்களும் குறைந்திருக்கும். பல் பிடுங்குவதற்கு முன் இவை இரண்டையும் ரத்தப் பரிசோதனையில் பார்த்தே ஆகவேண்டும். இதைப் படிக்கும் மற்றவர்களும் தயவுசெய்து நினைவில் வையுங்கள்.

கல்லீரல் எங்கே, தாடை எங்கே என்ற உங்கள் திகைப்பு நியாயமானது. கல்லீரலை விட்டு வெளியேறும் ரத்தம் இதயத்தின் வலது பக்கம் போய், அங்கிருந்து நுரையீரலுக்குப் போகிறது. கட்டியிலிருந்து பிரியும் செல்கள் முதலில் சிக்கும் சல்லடை அதுதான். அதனால்தான் கல்லீரல் புற்று அதிகம் பரவும் இடம் நுரையீரல். அதற்கடுத்து நெறிக்கட்டிகள், எலும்பு, அட்ரீனல் சுரப்பி. சல்லடையில் சிக்காமல் தப்பும் சில செல்கள் தமனி வழியாக உடம்பில் எங்கே வேண்டுமானாலும் போகலாம்.

இன்னொரு வழியும் உண்டு. முதுகெலும்பைச் சுற்றி இடுப்பிலிருந்து மண்டையோட்டின் அடி வரை ஒரு சிரைப் பின்னல் இருக்கிறது. கை கால் சிரைகளில் இருப்பதுபோல் அதில் ரத்தத்தை ஒரே திசையில் தள்ளும் வால்வுகள் கிடையாது. இருமும்போதோ முக்கும்போதோ வயிற்றில் அழுத்தம் கூடினால், ரத்தம் அந்தப் பின்னலில் மேல்நோக்கி ஏறும், நுரையீரலைத் தொடாமலே. ஆஸ்கர் பேட்சன் என்ற அமெரிக்க உடற்கூற்றியலாளர் 1940 இல் இதை விளக்கினார். நுரையீரல் சுத்தமாக இருக்கும்போதே தலையிலும் முகத்திலும் கட்டி வருவதற்கு இந்த வழியைத்தான் காரணமாகச் சொல்கிறோம்.

போய்ச் சேர்ந்தால் போதாது, அங்கே வேர் பிடிக்கவும் வேண்டும். விதையும் மண்ணும் பொருந்தினால்தான் முளைக்கும் என்று ஸ்டீபன் பேஜட் என்ற ஆங்கிலேய அறுவை மருத்துவர் 1889 இல் எழுதினார். இன்றைக்கும் அந்த உவமையை விடச் சரியாக யாரும் சொல்லிவிடவில்லை. பெரியவர்களுக்குத் தாடையில் சிவப்பு மஜ்ஜை மிஞ்சியிருப்பது கடைவாய்ப் பக்கத்தில். அங்கே ரத்தம் மெதுவாக ஓடும். தாடைக்கு வரும் பரவல்களில் பெரும்பாலானவை கீழ்த்தாடையின் கடைவாய்ப் பகுதியில் இருப்பது அதனால்தான்.

தலையிலும் முகத்திலும் வேறு சில இடங்களுக்கும் இது அரிதாகப் போகும். மண்டையோட்டில் வந்தால் தலைத்தோலுக்கு அடியில் மெத்தென்று ஒரு புடைப்பு தெரியும். கொழுப்புக்கட்டி என்று விட்டுவிடுவார்கள். கண்குழியில் வந்தால் ஒரு கண் மட்டும் முன்னே தள்ளும், அல்லது பார்ப்பதெல்லாம் இரண்டிரண்டாகத் தெரியும். மூக்குக்கும் சைனஸுக்கும் வந்தால் அடிக்கடி மூக்கில் ரத்தம் கொட்டும். மண்டையோட்டின் அடியில் வந்தால் கண்ணிமை தொங்கும், முகம் மரக்கும், நாக்கை நீட்டினால் ஒரு பக்கம் கோணும். இதையெல்லாம் உங்களைப் பயமுறுத்தச் சொல்லவில்லை. அப்பாவுக்கு இவற்றில் ஏதாவது புதிதாகத் தெரிந்தால் அடுத்த அப்பாயின்ட்மென்ட் வரை காத்திருக்காமல் அன்றைக்கே போனில் சொல்லுங்கள். கண்ணையும் நரம்பையும் காப்பாற்றச் சில நாள்தான் அவகாசம் இருக்கும்.

புகையிலை போட்டவர் என்பதால் வாய்ப்புற்று சந்தேகம் வருவது இயல்பு. ஆனால் பயாப்சித் துண்டை நுண்ணோக்கியில் பார்த்தால் இரண்டும் வேறு வேறு முகம். வாய்ப்புற்று வாயின் உட்தோலிலிருந்து வருவது, தோல் செல்களின் சாயல் அதில் இருக்கும். இதில் இருப்பவை கல்லீரல் செல்களைப் போன்றவை. சில நேரம் தாடைக்கு வந்த பிறகும் அவை பித்தநீரைச் சுரந்துகொண்டிருக்கும். ஹெப்பார்-1, ஆர்ஜினேஸ்-1, கிளைப்பிகன்-3 என்ற சாயப் பரிசோதனைகளும் இருக்கின்றன. ரிப்போர்ட்டில் இவை பாசிட்டிவ் என்று இருந்தால் சந்தேகமே வேண்டாம். ரத்தத்தில் ஏ.எஃப்.பி. (கல்லீரல் புற்றில் ஏறக்கூடிய ஒரு புரதம்) அளவு சாதாரணமாக இருக்கிறதே என்று யாராவது சொன்னால், அதை வைத்து இதை மறுக்க முடியாது. கல்லீரல் புற்று உள்ள பலருக்கு அது ஏறுவதே இல்லை. அப்பாவுக்கு இரண்டாவதாக ஒரு புற்றுநோய் வரவில்லை. கல்லீரல் புற்றுதான் இடம் மாறி உட்கார்ந்திருக்கிறது. இதற்குக் கொடுக்க வேண்டியதும் கல்லீரல் புற்றுக்கான மருந்துதான், வாய்ப்புற்றுக்கான மருந்து இல்லை. இந்த வித்தியாசத்தைச் சொன்னதே அந்தப் பயாப்சிதான். 'கத்தி பட்டால் பரவும்' என்பது நம் ஊரில் நெடுநாளாகச் சொல்லப்படுவது; அப்பாவுக்கு அது பொருந்தாது. அப்பாவுக்குப் பயாப்சியில் இருந்த உண்மையான ஆபத்து ரத்தப்போக்கு மட்டும்தான். ரத்தக் குழாய்கள் நிறைந்த கட்டி இது. அது கடந்துவிட்டது.

இனி என்ன செய்யலாம் என்று பார்ப்போம். இதை முழுமையாகக் குணப்படுத்த முடியும் என்று சொன்னால் நான் உங்களை ஏமாற்றுகிறேன் என்று அர்த்தம். கல்லீரலை விட்டு வெளியே வந்த பிறகு, பலருக்குக் காலம் மாதக் கணக்கில்தான் இருக்கிறது. கல்லீரல் தாங்கி, மருந்தும் கேட்டால் சிலருக்கு அதைவிட நீள்கிறது. அந்தக் காலத்தில் அவர் வலியில்லாமல் சாப்பிட வேண்டும், பேச வேண்டும், வாயில் ரத்தம் வந்து வீடே பதறக்கூடாது. இது கைக்கு எட்டுகிற இலக்கு.

அதற்கு என் முதல் தேர்வு தாடைக்குக் கதிர்வீச்சு. ஒரே நாளிலோ, ஐந்து நாளிலோ, பத்து நாளிலோ முடித்துவிடலாம். வலியையும் ரத்தக் கசிவையும் நன்றாகக் குறைக்கும். மரத்துப்போன உதட்டுக்கு உணர்ச்சி திரும்பும் என்று மட்டும் எதிர்பார்க்க வேண்டாம். ரத்தம் அடங்கவே இல்லை என்றால், கல்லீரலில் செய்ததைப் போலவே கழுத்து வழியாகத் தாடைக்கு வரும் தமனிக் கிளையைக் குழாய் விட்டு அடைக்கலாம். வெட்டி எடுப்பதைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். உடம்பில் வேறெங்கும் பரவாமல், கல்லீரல் கட்டியும் அடங்கி, தாடையில் இது ஒன்றே ஒன்று இருந்தால் யோசிக்கலாம். இல்லாவிட்டால் பாதித் தாடையை எடுத்துவிட்டு, மீதிக் காலம் முழுக்கக் குழாயில் சாப்பிடவைப்பதில் எனக்கு உடன்பாடில்லை.

உடம்பு முழுக்கப் போகும் மருந்து எதுவென்பதைக் கட்டியைவிடக் கல்லீரலின் நிலைதான் தீர்மானிக்கும். பிலிருபின், ஆல்புமின், ரத்தம் உறையும் நேரம், வயிற்றில் நீர் இருக்கிறதா, மனத் தெளிவு எப்படி என்ற ஐந்தையும் சேர்த்து 'சைல்ட்-பியூ' என்று ஒரு மதிப்பெண் போடுவார்கள். அது அப்பாவுக்கு என்ன என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். 2007 இல் சொராஃபெனிப் மாத்திரை வரும்வரை இந்த நிலையில் ஆயுளை நீட்டும் மருந்தே இல்லை. இப்போது உடம்பின் நோய் எதிர்ப்புச் சக்தியையே கட்டிக்கு எதிராகத் தூண்டும் மருந்துகள் இருக்கின்றன. அதெசோலிசுமாபும் பெவாசிசுமாபும் சேர்த்துக் கொடுப்பது ஒரு வழி. ஆனால் பெவாசிசுமாப் ரத்தப்போக்கைக் கூட்டக்கூடியது. வாயில் ரத்தம் கசியும் கட்டி இருக்கிறது, உணவுக்குழாயிலும் சிரைகள் புடைத்திருக்கலாம். எண்டோஸ்கோப்பி செய்து பார்க்காமல் அதைத் தொடங்கக்கூடாது. துர்வாலுமாப், டிரெமெலிமுமாப் என்ற இன்னொரு சேர்க்கையில் அந்தச் சிக்கல் குறைவு. இவையெல்லாம் விலை அதிகம். கடன் வாங்குவதற்கு முன், காப்பீட்டுத் திட்டத்தில் எதெது வரும் என்று விசாரியுங்கள். கல்லீரல் மிகவும் தளர்ந்திருந்தால் எதுவும் கொடுக்காமல் வலியையும் தொந்தரவையும் மட்டும் கவனிப்பதுதான் சரியான வைத்தியம். அப்படிச் சொன்னால் கைவிட்டுவிட்டார்கள் என்று நினைக்காதீர்கள்.

எலும்பில் பரவியிருப்பதால், எலும்பு அரிப்பைக் குறைக்கும் சோலெட்ரானிக் ஆசிட் அல்லது டெனோசுமாப் ஊசி போடலாம் என்று யாராவது சொல்லக்கூடும். நல்ல மருந்துகள்தான். ஆனால் பல் பிடுங்கிய குழி ஆறாதபோது போட்டால் தாடை எலும்பு பட்டுப்போகும் அபாயம் உண்டு. ஊசி போடுவதற்கு முன் பல் எடுத்த விஷயத்தைக் கட்டாயம் சொல்லிவிடுங்கள்.

வீட்டில் ரத்தம் வந்தால் அவரைப் படுக்கவைக்காதீர்கள். நிமிர்ந்து உட்கார்ந்து, தலையை லேசாக முன்னால் சாய்த்து, வரும் ரத்தத்தைத் துப்பவேண்டும். விழுங்கக்கூடாது. கல்லீரல் பழுதானவர்களுக்கு விழுங்கிய ரத்தம் குடலில் செரிக்கும்போது அம்மோனியா கூடி மனக்குழப்பத்தை உண்டாக்கும். சுத்தமான காஸ் துணியை மடித்து, விட்டுவிட்டுப் பார்க்காமல் 20 நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். டிரானெக்ஸாமிக் ஆசிட் மருந்தில் அந்தக் காஸை நனைத்து வைக்கலாம். முன்கூட்டியே டாக்டரிடம் கேட்டு வாங்கி வையுங்கள். அதற்கும் நிற்காவிட்டால் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிவிடுங்கள். பக்கத்தில் அடர்நிறத் துண்டு ஒன்று இருக்கட்டும். வெள்ளைத் துணியில் ரத்தத்தைப் பார்த்தால் நோயாளிதான் முதலில் பயந்துபோவார்.

வலிக்கு மெடிக்கல் ஷாப்பில் டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் வாங்கிக் கொடுக்கவே கூடாது. ரத்தப்போக்கு கூடும், சிறுநீரகம் கெடும். பாராசிட்டமால் ஒரு நாளைக்கு இரண்டு கிராமுக்குள், அதாவது 500 மில்லிகிராம் மாத்திரை நாலுக்கு மேல் போகாமல் கொடுக்கலாம். அது போதாவிட்டால் டாக்டரின் மேற்பார்வையில் குறைந்த அளவு மார்ஃபின். அதோடு மலம் இளகுவதற்கு லாக்டுலோஸ் திரவம் சேர்ந்தே வரவேண்டும். பகலெல்லாம் தூங்கி இரவெல்லாம் விழித்திருந்தாலோ, பேச்சு தடுமாறினாலோ, நீட்டிய கை படபடவென்று உதறினாலோ உடனே தெரிவியுங்கள்.

சாப்பாட்டில், கல்லீரல் நோய் என்று பருப்பையும் முட்டையையும் நிறுத்திவிடாதீர்கள். இன்னும் பல வீடுகளில் இந்தத் தவறு நடக்கிறது. குழைந்த பருப்பு சாதம், ரசத்தில் ஊறிய இட்லி, தயிர், நன்றாக வேகவைத்து மசித்த முட்டை, ஆறிய கஞ்சி எல்லாம் நல்லது. வயிற்றில் நீர் இருந்தால் உப்பை மட்டும் குறையுங்கள். இரவு படுக்கும் முன் சின்னதாக ஒரு தின்பண்டமோ ஒரு டம்ளர் பாலோ கொடுங்கள்; கல்லீரல் சுருங்கியவர்களுக்கு இரவு முழுக்கப் பட்டினி கிடந்தால் தசை கரையும்.

கீழாநெல்லியைப் பற்றி: அந்த நம்பிக்கைக்குப் பின்னால் ஒரு வரலாறு இருக்கிறது. 1988 இல் சென்னைப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், ஹெபடைட்டிஸ் பி கிருமியைக் கண்டுபிடித்து 1976 இல் நோபல் பரிசு பெற்ற ப்ளம்பெர்க்கோடு சேர்ந்து, கீழாநெல்லி கொடுத்தவர்களில் பாதிக்கு மேற்பட்டோரின் ரத்தத்தில் கிருமியின் அடையாளம் மறைந்தது என்று வெளியிட்டார்கள். நம் ஊருக்கே பெருமையான செய்தியாக இருந்தது. பிறகு வேறு இடங்களில் செய்த ஆய்வுகளில் அந்தப் பலன் திரும்பக் கிடைக்கவில்லை. அந்த ஆய்வும் கிருமியைப் பற்றியதுதான், கட்டியைப் பற்றியது இல்லை. அப்பாவுக்கு இப்போது எந்தப் பொடியும் சாறும் வேண்டாம். கலப்படம் எதுவென்று தெரியாது, தாங்கும் சக்தி கல்லீரலிடம் இல்லை. கிருமிக்கு அவர் சாப்பிடும் என்டகாவிரையோ டெனோஃபோவிரையோ ஒருநாளும் நிறுத்தாதீர்கள்.

அம்மாவிடம் அந்தத் தனித் தட்டை எடுத்துவிடச் சொல்லுங்கள். இந்தக் கிருமி சேர்ந்து சாப்பிடுவதாலோ கட்டிப்பிடிப்பதாலோ ஒட்டாது. ரத்தத்தாலும் உடலுறவாலும் பரவும், பிரசவத்தில் தாயிடமிருந்து குழந்தைக்கும் போகும். பல் தேய்க்கும் பிரஷும் ரேசரும் தனியாக இருக்கட்டும். ரத்தம் துடைக்கும்போது கையுறை போட்டுக்கொள்ளுங்கள், சிந்திய இடத்தை பிளீச்சிங் கரைசலால் துடையுங்கள். நீங்களும் அம்மாவும் கூடப்பிறந்தவர்களும் இந்த வாரமே ரத்தப் பரிசோதனை செய்துவிடுங்கள். கிருமியும் எதிர்ப்புச் சக்தியும் இல்லாதவர்கள் தடுப்பூசி போட்டுக்கொள்ளலாம். இன்று ஒன்று, ஒரு மாதத்தில் ஒன்று, ஆறாம் மாதம் ஒன்று. யாருக்காவது கிருமி இருந்தால் பயப்பட வேண்டாம், ஆனால் கல்லீரல் மருத்துவரிடம் தொடர்ந்து காட்டவேண்டும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஸ்கேன் தேவையா என்பதை அவர் சொல்வார். அப்பாவுக்கு முன்பே இது தெரிந்திருந்தால் என்ற நினைப்பு எனக்கும் வருகிறது.

அப்பாவிடம் என்ன சொல்வது? தன் வாயில் வளரும் சதையை நாக்கால் தினமும் தொட்டுப் பார்ப்பவர் அவர். ஓரளவு தெரிந்திருக்கும். மறைத்தால் அவர் யாரிடமும் கேட்க முடியாமல் தனியாகிவிடுவார். சாப்பிட்டு முடித்து அமைதியாக இருக்கும் நேரத்தில், "அப்பா, இதைப் பத்தி டாக்டர் சொன்னதையெல்லாம் உங்ககிட்ட சொல்லட்டுமா, இல்லை நாங்களே பார்த்துக்கட்டுமா?" என்று கேளுங்கள். அவர் எவ்வளவு கேட்கிறாரோ அவ்வளவு சொல்லுங்கள். வலி வந்தால் மருந்து இருக்கிறது என்பதை மட்டும் அவர் கேட்காவிட்டாலும் சொல்லிவிடுங்கள்.

அடுத்த முறை போகும்போது பழைய ஸ்கேன் படங்கள், பயாப்சி ரிப்போர்ட், மருந்துச் சீட்டு மூன்றையும் ஒரே பையில் எடுத்துக்கொண்டு, கதிர்வீச்சு மருத்துவரையும் வலி நிவாரணப் பிரிவையும் அதே நாளில் பார்க்கக் கேளுங்கள். அதுவரை, ஷேவ் செய்ய பிளேடு வேண்டாம், ஒரு டிரிம்மர் வாங்கிக் கொடுங்கள். டீயை நீங்கள் தொட்டுப் பார்த்து ஆறியிருந்தால் கொடுங்கள். இடது உதடு சுட்டால் அவருக்குத் தெரியாது.